பிறர் பசியைக் காட்டிப் பேசுவோர்

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பீடிக் கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிறைத்திருக்க வேண்டும், 2015 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வரும் என்று முந்தைய அக்டோபரில் மத்திய அரசு அறிவித்திருந்தது. கெடு நெருங்கியபோது நாடாளுமன்றக் குழு ஒன்று குறுக்கிட்டது. தள்ளிவையுங்கள் என்றது; அரசும் தள்ளிவைத்தது. புகையிலையால் புற்றுநோய் வரும் என்று நிறுவிய இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்றார் குழுவின் தலைவர் திலீப் காந்தி. ஓயாமல் பீடி குடித்தும் நோய் அண்டாத பலரைத் தன்னால் கொண்டுவந்து நிறுத்த முடியும் என்றார் உறுப்பினர் ஷியாம சரண் குப்தா. அவர் அப்போது அலகாபாத் எம்.பி.யாக இருந்தார்; பெரிய பீடித் தொழிலதிபராகவும் இருந்தார்.

ஆய்வு இல்லாமலில்லை. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் நிகழ்ந்த சுமார் 43,000 ஆண்களின் மரணங்களை அலசி, 2003-லேயே ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. காசநோயால் இறந்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்றும், புற்றுநோய், இதயநோய்ச் சாவுகளையும் அது கூட்டுகிறது என்றும் அது காட்டியது. கிராமத்து ஆண்கள் பெரும்பாலும் குடித்தது பீடி.

இதில் அறப்பிழை எங்கே இருக்கிறது? சுயநலத்தில் என்பது எளிய விடை. ஆனால் அது பொருந்தாது. நெசவாளர் சங்கம் நூல் விலைக்காகக் கோட்டைக்குப் போகிறது. மீனவர்கள் டீசல் மானியம் கேட்கிறார்கள். புற்றுநோய் மருத்துவர்களும் ஓர் அணியாகத் திரண்டுதான் அந்தப் படங்களைக் கேட்டார்கள். தன் தொழிலைத் தொடும் சட்டத்தைப் பற்றி அரசிடம் முறையிடுவது குடிமக்களின் உரிமை. அதோடு, செயலகத்தில் இருப்பவருக்குத் தெரியாத பல சங்கதிகள் தொழிலில் கிடப்பவருக்குத்தான் தெரியும். நலன் உள்ளவர்கள் எல்லாரும் வாய் மூடினால் சட்டங்கள் தூய்மையாகிவிடா, மொண்ணையாகிவிடும்.

பீடி முதலாளி அந்தக் குழுவின் முன் சாட்சியாக வந்து நின்று, தன் நட்டக் கணக்கைச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியவர் தீர்ப்பு எழுதும் இருக்கையில் இருந்தார். சொந்தப் பொருள்நலன் உள்ள உறுப்பினரைக் குழுவில் சேர்ப்பதற்கு ஆட்சேபம் எழுப்ப மக்களவை விதிகளிலேயே இடம் உண்டு. இது எவருக்கும் விளங்கும் பிழை.

அதைவிடச் சிக்கலான பிழை ஒன்று இருக்கிறது. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முன்னால் நிறுத்தப்படுவது முதலாளியின் லாபமல்ல. பீடி சுற்றும் பெண்களின் அடுப்பு. நாடு முழுக்கச் சுமார் 50 லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஊர்களில் தட்டை மடியில் வைத்து வீட்டுத் திண்ணையில் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் பல தலைமுறைகளாக இதில் சோறு கண்டவர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் ஆடு உண்மையிலேயே நனைகிறது. விற்பனை குறைந்தால் முதலில் குறைவது அந்தப் பெண்களுக்குக் கொடுக்கும் இலையும் தூளும்தான்.

ஆனால் அவர்களை ‘எங்கள் தொழிலாளர்கள்’ என்று சொல்லும் உரிமை முதலாளிகளுக்கு எப்போது வந்தது? 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்து, ஒப்பந்தக்காரர் மூலம் வீட்டில் சுற்றுபவர்களுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு என்றது. அதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல்தான் நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. பொறுப்பு கேட்டபோது இடைத்தரகரின் ஆட்கள். எச்சரிக்கைப் படம் வந்தபோது சொந்த ஆட்கள்! எளியவர்களுக்காக ஒரு வலிய குழு பேசுவதில் தவறில்லை. கூலி நாளில் வாய் திறக்காதவர், வரி நாளில் மட்டும் அவர்கள் பெயரைச் சொன்னால், அது பரிந்துரையாகாது. அந்தப் பெண்களின் வறுமையையும் சேர்த்து அவர் விற்கிறார்.

அரசும் இதில் கை சுத்தமான நடுவர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசுக்குச் சொந்தமான எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் பெரும் பங்குதாரர்.

எதிர்த் தட்டில் வைக்க யார் இருக்கிறார்கள்? இருபது ஆண்டு கழித்து நோயாளியாகப் போகும் பதினைந்து வயதுப் பையனுக்குச் சங்கம் கிடையாது. நோய் வந்த பிறகு சேர்பவர்களுக்கு அவகாசம் கிடையாது. அரசின் புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் தோன்றிய வாய்ப்புற்றுநோயாளியான இளம்பெண் ஒருவர், படங்களைத் தள்ளிவைத்தது பற்றிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2015 ஏப்ரல் 1 அன்றே இறந்தும் போனார். எனவே குழுக்களை எல்லாம் சமமாக உட்காரவைத்துக் கேட்டோம் என்று ஓர் அரசு சொல்வது போதாது. வர முடியாதவர்களின் பக்கத்தைத் தானே தேடிப்போய்க் கேட்கும் கடமை அதற்கு உண்டு.

பிறகு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டது, 2016 ஏப்ரலில் விதி நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறு மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. படங்கள் நிலைத்துவிட்டன.

வாதம் மட்டும் மாறவில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என்று முடிவெடுத்தபோது, பீடிக்கு 28-ஐ 18 ஆகவும் பீடி இலைக்கு 18-ஐ 5 ஆகவும் குறைத்தது. ஆதரித்துப் பேசியவர்கள் சொன்ன காரணம் அதே பெண்கள்தான். பீடியும் சிகரெட்டைப் போலவே கொல்லும் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தே இதைப் பார்க்கலாம். உண்மையிலேயே அவர்களுக்கான சலுகையென்றால், ஆயிரம் பீடி சுற்றும் கூலி இவ்வளவு உயர்ந்தால்தான் இந்த வரிக்குறைப்பு என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். அந்த முடிவில் அப்படி ஒன்று இல்லை.