பந்தியில் ஒரு மீன்

ஜாதகம் பொருந்தி, சம்பந்திகளின் மனமும் ஒருவாறு ஒப்பிவிட்ட பிறகு, இலையில் என்ன விழவேண்டும் என்ற கேள்வியிலே கலியாணப் பேச்சு வந்து முட்டிக்கொண்டு நிற்பதை நான் பல வீடுகளிற் கண்டிருக்கிறேன். ஆயினும் அக்கேள்வி சமையற்காரரின் அதிகார எல்லையைக் கடந்து வேதாந்த விசாரமாகவே மாறிவிட்டதைப் பினாங்கில் என் தமக்கை மகளின் விவாகத்தின்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாப்பிள்ளை சீனர், அவருடைய பாட்டி, குவான் யின் என்னும் கருணைத் தேவியின் உபாசகி. ஜார்ஜ் டவுனில் அத்தேவியின் பழைய கோயிலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் தோற்றுவித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன; ஆகையால் பல சமயத்தார் அண்டை அயலாக வாழ்வது அவ்வூராருக்குப் புதிதன்று. ஆனால் அடுத்த தெருவில் வாழ்கிறவரோடு ஒரே அடுப்பில் வெந்ததை உண்பதென்றால், அது அவ்வளவு சுலபமாக முடிகிற காரியமா?

விருந்து நம் நாட்டுச் சைவச் சமையலாகவே இருக்கட்டும் என்று பிள்ளை வீட்டார் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தனர். மாமிசமும் இல்லை, மதுவும் இல்லை என்றவுடன் முஸ்லிம் நண்பர்களுக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த என் அத்தை வெங்காயமும் பூண்டும் தொடாதவள். சீனப் பாட்டியும் அவ்விரண்டையும் தொடாதவள் என்று தெரியவந்தபோது, ஒருவர் பாஷையை மற்றவர் அறியாத அவ்விரு மூதாட்டியரும் மூக்கைச் சுளித்துக் காட்டியே ஐக்கியப்பட்டுவிட்டனர். அந்த ஐக்கியம் அரை மணி நேரம் நீடித்தது. விரதம் காக்கும் சீன பௌத்தர்கள் விலக்குகிற ஐந்து காரப் பொருள்களிலே பெருங்காயமும் ஒன்று. வெங்காயத்தை விட்டவர்களுக்கு நம் நாட்டில் எது கைகொடுக்கிறதோ அதுவே அங்கே விலக்கப்பட்ட வஸ்து!

"பெருங்காயம் போடாத சாத்தமுதா? கஷாயம்னு சொல்லேண்டா" என்றாள் அத்தை. ஆனாலும் தளிகைக்காரரைக் கூப்பிட்டு, மிளகையும் சீரகத்தையும் சற்றுத் தூக்கலாக வைத்துப் பாட்டிக்கென்று ஈயச்சொம்பு ஒன்றில் தனியாக ரசம் வைக்கும்படி சொன்னவளும் அவள்தான்.

மெய்யான சிக்கல் மீனால் வந்தது. மாண்டரின் சீனத்தில் மீனைக் குறிக்கும் சொல்லும் மிகுதியைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஓசையுடையன. எனவே மங்கல விருந்தில் முழு மீன் இடம்பெறாவிட்டால், அந்த இல்லறத்தில் எதுவும் மிஞ்சாது என்று ஓர் அச்சம். பாட்டி அதற்கும் வழி வைத்திருந்தாள். சோயாப் பாலின்மேற் படியும் ஆடையைச் சுருட்டி, கடற்பாசித் தாளைத் தோலாகப் போர்த்தி, வாலும் செதிலும் வகுத்து மீனைப் போலவே செய்து தருகிற சைவ உணவுக்கடைகள் அங்கே உண்டு. உயிர்க்கொலை இல்லை, சகுனக்குறைவும் இல்லை. அத்தை மட்டும் ஒப்பவில்லை. "திங்கறதுக்கு முன்னாடி கண்ணு திங்கறதே" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அந்த வாக்கியம் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும் என்ற கருத்துச் சாந்தோக்கிய உபநிஷத்தில் வருகிறது. ஆகாரம் என்பதற்குச் சங்கரர், இந்திரியங்களால் உள்ளே வாங்கப்படும் விஷயங்கள் அனைத்தும் என்று பொருள் கொண்டார்; அவருக்குக் கண்ணால் காண்பதும் ஓர் உணவே. ராமாநுஜரோ வாயால் உண்ணும் உணவையே கொண்டு, பொருளின் இயல்பால் வரும் ஜாதி தோஷம், அது வந்த இடத்தால் நேரும் ஆச்ரய தோஷம், தூசியும் மயிரும் விழுவது போன்ற நிமித்த தோஷம் என்னும் மூன்றும் நீங்கிய அன்னத்தையே விதித்தார். ராமாநுஜரின் முதல் அளவுகோலை வைத்துப் பார்த்தால் சோயா மீனில் குற்றமே இல்லை. ஸ்ரீரங்கத்து அத்தை, தான் அறியாமலே, அந்த ஒரு விஷயத்தில் அத்வைதியாகிவிட்டாள்!

அவள் பக்கத்துக்குப் பலமான சாட்சி ஒன்று, விசித்திரமாக, ஜைனர்களிடமிருந்து கிடைக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தில், உயிர்ப்பலிக்கு இசையாத அரசன், தாயின் வற்புறுத்தலுக்காக மாவினால் ஒரு கோழி செய்து அதை வெட்டுகிறான். அந்த ஒரு செயலுக்காக அவனும் தாயும் மயிலும் நாயும் முதலாகப் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர். மாவுக்கு உயிர் ஏது? ஆனால் வாளை ஓங்கிய கையில் கொலை என்னும் சங்கற்பம் இருந்தது. இங்கேதான் நான் அத்தையை விட்டுப் பிரிகிறேன். அரசன் கொல்லும் பாவனையோடு மாவை வெட்டினான். பாட்டியோ கொல்வதை விட்டுவிட்டதனாலேயே மீனின் வடிவத்தை வேறொன்றில் தேடிக்கொண்டாள். முன்னதில் மாவு கொலைக்குத் திரையாயிற்று. பின்னதில் சோயா ஆடை துறவுக்குத் துணையாயிற்று. வடிவம் ஒன்றாக இருப்பதனாலே கருத்தும் ஒன்றாகிவிடுமா?

ஆச்ரய தோஷத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் இத்தகைய கலியாணங்களில் பேசாமலே பெரிதாக உட்கார்ந்திருப்பது அதுதான். யார் சமைத்தார், யார் தொட்டார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்ற அந்தக் கணக்கு, 1920களில் சேரன்மாதேவிக் குருகுலத்தின் சாப்பாட்டுப் பந்தியிலே பிள்ளைகளைப் பிரித்து வைத்துத் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. அந்தத் தோஷத்தை மொழிந்த ராமாநுஜரே, பிராமணரல்லாத திருக்கச்சி நம்பிகள் அமுதுசெய்த சேஷத்தை உண்ண ஆசைப்பட்டார் என்றும், அவர் வீடு திரும்புமுன் தேவியார் மிச்சத்தை அகற்றி இடத்தைச் சுத்திசெய்து நீராடிவிட்டார் என்றும், அதற்காக அவர் வருந்தினார் என்றும் குருபரம்பரை கூறுகிறது. ஒரு பொருளை உண்ணேன் என்கிற விரதத்துக்கு எந்தப் பந்தியிலும் இடம் செய்து கொடுக்கலாம்; தனியாக ஒரு சொம்பு வைத்தால் போயிற்று. ஒரு மனிதர் கைபட்டதை உண்ணேன் என்கிறவருக்கு எந்தச் சொம்பை வைப்பது? எல்லாரும் ஒன்றையே தின்றுதான் தீரவேண்டும் என்று அடிக்கிறவர்களிடமும் எனக்குச் சம்மதமில்லை. பாட்டியின் ரசத்தில் பெருங்காயத்தைக் கொட்டிவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைப்பது முரட்டுத்தனம்.

மீன் வந்தது. சீனப் புத்தாண்டு விருந்திலே மீனைத் தின்று தீர்த்துவிடாமல் மிச்சம் வைக்கிற வழக்கம் உண்டென்றும், இதுவும் இலையில் விழாமல் தட்டிலேயே கிடக்கட்டும் என்றும் சொல்லி மாப்பிள்ளையின் தகப்பனார் அத்தையைச் சமாதானம் செய்திருந்தார். பாட்டிக்கும் அத்தைக்கும் அடுத்தடுத்து இலை. அத்தை கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, தட்டைக் கூர்ந்து நோக்கி, என் காதருகே, "மிளகாலே கண்ணு வேற வெச்சிருக்காடா" என்றாள். மொழிபெயர்க்க ஆளில்லை. பாட்டி அத்தையின் முகத்தைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள்; குச்சிகளால் அந்த மிளகை மெல்லப் பெயர்த்தெடுத்துத் தன் இலையோரத்தில் வைத்துவிட்டு, ரசத்தைக் குடிக்கத் தொடங்கினாள்.