வார்ப்பும் பிறப்பும்

தந்தைக்கே பாடம் சொன்ன தனயன் என்று புராணம் புகழும் தலம் சுவாமிமலை. ஆண்டுக்கொரு பெயர் தாங்கிய அறுபது படிகள், ஏறினால் தகப்பன்சாமி! மகனை ஆசானாக்கி உச்சியிலே அமர்த்திய அதே வைதீகம், அடிவாரத்து மக்களுக்கு என்ன கூறிற்று? பெற்றோர் செய்த பாவம் பிள்ளைகள் தலையில் என்று கூறிற்று. சாமிக்கு ஒரு நீதி, சாமானியனுக்கு வேறொரு நீதி!

படியிறங்கிச் சிற்பிகளின் பட்டறைக்கு வருவோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் சமைக்கிறார்கள். காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேற் பூசி, உலர்த்தி, சூடேற்றுகிறார்கள். மெழுகு உருகி ஓடுகிறது. அது விட்ட இடத்திலே உலோகக் குழம்பு பாய்கிறது. மெழுகிலே கீறல் இருந்தால் வெண்கலத்திலும் கீறல். சிலைக்கு இது சரி. மனிதனும் இப்படித்தான் வார்க்கப்படுகிறான் என்று எண்ணுவோர் இன்னும் உளரே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு. பிறப்பிலே சாதியைக் கண்ட கண்கள், எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த பச்சிளங் குழவியைப் பார்த்து, "அச்சே பழுது, வார்ப்பு எப்படி இருக்கும்?" என்கின்றன.

அறிவியலைக் கேட்போம். கருவுற்ற தாய், பேறுகாலத்துக்கு முந்திய மாதங்களிலே, தன் குருதியில் உள்ள எதிர்ப்புப் பொருள்களை நச்சுக்கொடி வழியே சேய்க்கு அனுப்புகிறாள். கருவுற்றவளுக்கு இசிவு நோய்த் தடுப்பூசி போடுவதும் இதை நம்பித்தான். தனக்கெனப் பயிற்சி பெற்ற படை ஏதுமின்றிப் பிறக்கும் குழந்தைக்கு, தாய் இரவல் தரும் வேலும் வாளும் அவை. எச்.ஐ.வி. கிருமியை எதிர்த்து அவள் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளும் அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேர்கிறது. ஆகவே, எதிர்ப்புப் பொருளைத் தேடும் சாதாரணச் சோதனை, கிருமியே இல்லாத குழந்தையைக்கூட 'உண்டு' என்று காட்டும். இரவல் ஆயுதங்கள் முற்றும் மறையப் பதினெட்டு மாதங்கள்கூட ஆகலாம். கிருமியையே தேடும் வேறு சோதனை ஒன்று உண்டு. ஆறாவது வாரத்திலேயே, குதிகாலில் எடுத்த சில துளி குருதியைக் கொண்டு அதனைச் செய்கிறார்கள்.

தாய் கொடுத்த கேடயத்தைத் தாய் கொடுத்த நோய் என்று படித்தவர்கள் எத்தனை பேர்! மருந்தே இல்லாவிடினும், கருவிலும் பேற்றிலும் பாலிலுமாகத் தொற்று அடைவோர் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளே. எஞ்சியோர் தப்புகின்றனர். வார்ப்பு விதி உண்மையானால் ஒருவரேனும் தப்புவரா? தொற்றியவர் நிலை கொடிது என்பதையும் மறைக்கமாட்டோம்; சிகிச்சை பெறாவிடில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயதைக் காண்பதில்லை. ஆனால் தாய் முறையாக மருந்துண்டால் தொற்று நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. 1994-இல் சிடோவுடின் என்ற ஒரே மருந்து, 25 ஆக இருந்ததை 8 ஆக்கிக் காட்டியது. 2019-இல் இலங்கை, தாய்வழித் தொற்றை ஒழித்த நாடென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. எந்தப் பரிகாரத்தால்? எந்த யாகத்தால்?

பாலைப் பற்றியும் ஒரு சொல். தாய் மருந்துண்ண, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுவது ஒருவழி. அதற்கிடையே சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று பாட்டிமார் புகட்டுவது, குழந்தையின் மெல்லிய குடலைப் புண்படுத்திக் கிருமிக்குக் கதவு திறக்கக்கூடும். வழக்கம் என்ற பெயரால் வாயிலே வார்க்கும் ஒவ்வொரு சங்குக்கும் கணக்குக் கேட்க வேண்டும் நாம்.

இனி, நம்மவரிடமே ஒரு கேள்வி. "ஒரு பாவமும் அறியாத குழந்தை" என்று இரங்குகிறோமே, அந்த இரக்கத்தின் அடியிலே என்ன இருக்கிறது? குழந்தை அறியாது, அப்படியானால் பாவம் அறிந்தவள் தாய் என்றுதானே பொருள்! 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதியில் இந்தியாவின் முதல் தொற்றைக் கண்டறிந்தனர். கண்டறிந்தது அறிவு. அதனைப் 'பெண்ணின் நோய்' என்று பட்டம் சூட்டியதோ நாட்டின் பழைய மனம். அவர்களிடம் வந்துபோன ஆண்களின் குருதியை எவர் கேட்டார்? கணவனையன்றி வேறொருவரையும் அறியாத மனைவியர் எத்தனையோ பேர் தொற்றுப் பெற்றனர். கணவன் இறந்ததும் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவளும் அவளே. நாம் இதைச் சொல்லும்போதே, 'கற்புள்ளவள், ஆகவே குற்றமற்றவள்' என்ற பழைய தராசைக் கையில் எடுத்துவிடுகிறோம்! அதுவும் வேண்டாம். நோய்க்கு மருந்து தேவை. நன்னடத்தைச் சான்று தேவையில்லை.

2003-இல் கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில், தொற்றுள்ள இரு குழந்தைகள் பள்ளிக்கு வரக்கூடாதென்று மற்றப் பெற்றோர் தடுத்தனர். கல்வி மிகுந்த மாநிலம் அது! 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்கிறது. சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கும். மாமியார் வீட்டு அடுக்களையில் மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் பெண்ணுக்கு எது திறக்கும்? யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று ஒருநாள் தவிர்க்கிறாள், இருநாள் தவிர்க்கிறாள். அந்த இடைவெளியிலேதான் கிருமி பெருகுகிறது.

சுயமரியாதைத் திருமண மேடையிலே, சாதகம் பார்க்கவில்லை, நாள் பார்க்கவில்லை என்று பெருமையோடு முழங்குகிறோம். நன்று. மணமான தோழர்களைக் கேட்கிறோம்: மனைவி கருவுற்றதும் அவளை மட்டும் குருதி கொடுக்க அனுப்பிவிட்டு வாயிலிலே நிற்கிறீர்களே, ஏன்? அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது; சோதனைக்குக் கட்டணம் இல்லை. முதலில் உங்கள் கையை நீட்டுங்கள்.