ராஜினாமா செய்யும்படி கேட்கலாமா?



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் பெரியவர் ஒருவர் மடித்த காகிதத்துடன் என்னைப் பார்க்க வந்தார். மகனுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை; ஆகையால் குருபரப்பள்ளியில் குடியிருக்கிறார். வோட்டு மாத்திரம் இன்னும் வேறு ஜில்லாவில், சொந்த ஊரில். அந்த ஊர் அங்கத்தினர்மேல் பணமோசடி வழக்கு ஒன்று எழுந்திருக்கிறது. "தாங்கள் பதவியை விட்டு விலக வேண்டும்" என்று அவருக்கு எழுதிய கடிதம் அது. "சாமி, கோர்ட்டு தீர்ப்புச் சொல்லுமுன் இதை அனுப்பினால், பிறனைத் தீர்ப்பிட்ட பாவம் என்மேல் வருமா?" என்று கேட்டார். நம் எல்லாருக்கும் உரிய கேள்வியாதலால் அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

தீர்ப்பிடுவது வேறு, விலகக் கேட்பது வேறு. திருவிழா வரவுசெலவில் சந்தேகம் வந்தால் பொருளாளரிடம் என்ன சொல்கிறோம்? "கணக்குப் பார்த்து முடியும்வரை பெட்டிச் சாவியைக் கொடுத்து வையுங்கள்" என்கிறோம். அவரைத் திருடன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாவி அவருடைய சொத்து அல்லவே. நாம் நம்பிக் கொடுத்தது.

1957-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். புதிதாக ஏற்பட்டிருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்பவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒரு கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கிற்று. அத்தனையும் பாலிசிதாரரின் பணம். பெரோஸ் காந்தி ஆளுங்கட்சிக்காரராயிருந்தும் பார்லிமெண்டில் எழுந்து கேட்டார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நிதிமந்திரியாயிருந்தவர் நமது டி.டி. கிருஷ்ணமாச்சாரி. தாம் இதற்கு அனுமதி கொடுக்கவில்லை என்பது அவர் வாதம். அவர் பணம் எடுத்தார் என்று சாக்ளா சொல்லவில்லை. ஆனால் செயலாளர் செய்த காரியத்துக்கு மந்திரியே பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலகினார். அதோடு அவர் அழிந்துபோனாரா? 1962-ல் மறுபடி மந்திரியானார், 1963-ல் அதே நிதி இலாகாவையும் ஏற்றார். விலகினால் மானம் போய்விடும் என்று நம்மவர்கள் நாற்காலியைப் பற்றிக்கொள்வதைக் காணும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வருகிறது.

ஆனால் கேட்கிற விதம் ஒன்று உண்டு. 1974-ல் குஜராத்தில் விலைவாசியும் ஊழலும் தாங்காமல் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முதன்மந்திரி சிமன்பாய் பட்டேல் பிப்ரவரியில் விலகினார். அதன்பின் அங்கத்தினர்களையும் நெருக்கினார்கள். பலர் அச்சத்தினாலேயே ராஜினாமா எழுதிக்கொடுத்தார்கள். மார்ச்சு மாதம் சட்டசபை கலைந்தது. கோபம் நியாயமானதே, பயமுறுத்தியதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ராஜினாமா மனமார எழுதப்பட்டதல்ல என்று சபாநாயகர் கண்டால், அதை ஏற்கக்கூடாது. பலவந்தத்தால் நடந்த விவாகம் செல்லாது என்கிறோமே, அதுபோலத்தான்.

இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் உடனே பதவி இழப்பார் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. அதற்குமுன் அங்கத்தினரைத் திருப்பி அழைக்க வோட்டருக்குச் சட்டம் வழி வைக்கவில்லை. ஆக, நம் கையில் இருப்பது அவருடைய மனச்சாட்சியோடு பேசுவது ஒன்றே. கடிதம் அதற்குத்தான்.

"பொய்வழக்காயிருந்தால்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவதூறுக்காரன் வாய் திறந்தபோதெல்லாம் ஒருவர் பதவி விலகுவதானால், நாட்டை ஆள்பவன் அவதூறுக்காரனே. நான் பார்ப்பது இதை: தெருப்பேச்சா, கையெழுத்துள்ள காகிதமா? கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொன்னாரா? முக்கியமாக, அவரை விசாரிக்கிறவர்கள் அவருக்குக் கீழே கைகட்டி நிற்கிறவர்களா? மந்திரி என்றால் பெரும்பாலும் ஆம். வெறும் அங்கத்தினர் என்றால் அவ்வளவு அல்ல. ஆகவே பெரியவரிடம், "விலகும் என்று முதல் வரியிலேயே எழுதாதேயும்; கணக்கைக் கேளும், பதில் வராவிட்டால் அப்புறம் விலகக் கேளும்" என்றேன்.

அப்போதுதான் அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னார். போன தேர்தலில் அதே அங்கத்தினரின் ஆட்கள் வீட்டுக்கு வந்து, வோட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்த பணத்தை வீட்டார் வாங்கிக்கொண்டார்களாம். அந்தப் பணத்தில்தான் பேத்திக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கிற்று.

எனக்கு உடனே பதில் வரவில்லை. 'வாங்கினவருக்குக் கேட்க வாயில்லை' என்று சொல்லிவிட்டால் அந்தப் பணம் தன் வேலையைப் பூர்த்தியாகச் செய்துவிட்டதாகும்; அதற்காகத்தானே கொடுத்தார்கள்! வாங்கினதை மறைத்து எழுதினாலோ கடிதமே கள்ளம். ஆகவே சொன்னேன்: "அவ்வளவு தொகையையும் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிடும். பிறகு கடிதத்தில் முதலாவதாக, நாங்களும் வாங்கினோம், அது தப்பு, ஈடு செய்துவிட்டோம் என்று எழுதும். அதன் கீழே உம்முடைய கேள்வியை வையும். பெயரும் விலாசமும் போட்டு, முதலில் அவருக்கு மாத்திரம் அனுப்பும், பத்திரிகைக்கு அல்ல."

"பெயர் போடவேண்டுமா, சாமி? ஊரில் தம்பி குடும்பம் இருக்கிறதே" என்றார். அந்தப் பயம் வீணானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பியையும் கேட்டுக்கொண்டு எழுதும்படி சொன்னேன். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். புதன்கிழமை ஒரு சிறுவன் வந்து, தாத்தாவுக்கு நான்கு வெள்ளைத்தாள் வேண்டுமாம் என்று வாங்கிப்போனான்.