முதல் கட்டளைகள்

மின்சாரம் பாய்ந்ததும் நினைவகத்தை ஒழுங்குபடுத்தி, கெர்னல் எனப்படும், வன்பொருளை ஆளும் மைய நிரலுக்கு வழிவிடுவது தொடக்க நிரல். பழைய சில்லுகளுக்கான விதிவிலக்குகள் அதில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அங்கே பிழை நேர்ந்தால் திரையில் பெரும்பாலும் ஒரு செய்திகூடத் தோன்றாது என்பதால், தேர்ந்தவரும் அவற்றை நீக்கத் தயங்குவர். ஆயினும் லினக்ஸ் கெர்னலில் எக்ஸ்86 வகைச் செயலிகளுக்கான தொடக்க நிரலில் பெரும்பகுதி, பொறிமொழிக்கு நெருங்கிய அசெம்பிளியிலிருந்து 2007இல் சி மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது; எளிதில் படிக்க முடிகிற நிரலையே துணிந்து திருத்த முடியும் என்பதால் அது அரிய பணி. நிரல் மட்டுமல்ல, அது இயங்கும் செயலியும் படிக்கத் திறந்திருக்கலாம்: சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி செயலியில் 2018இல் லினக்ஸ் இயங்கியது. அதன் வடிவமைப்பு திறந்த மூலமாக வெளியிடப்பட்டிருப்பதால், உசிலம்பட்டியில் கணினி பயிலும் மாணவரும் அதை அடியிலிருந்து படிக்கலாம், படிக்க வேண்டும்.