ஆறாத மூட்டும் ஆள்வினையும்

முறிந்த எலும்பு கூடும். புத்தூர்க் கட்டுக்கு வாய்த்த புகழெல்லாம் எலும்பின் இவ்வியல்பின்மேல் நிற்பதே. எலும்போடு எலும்பு சந்திக்கும் மூட்டின் கதை வேறு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பினுள் குருதிக் குழாய்கள் இல்லை. முழங்காலினுள் பிறை வடிவாய் அமைந்த இரு தட்டுகளுக்கோ வெளி விளிம்பில் மட்டுமே குருதியோட்டம் உண்டு. உட்பகுதி கிழிந்தால் அது தானே கூடுதல் அரிது. ஆகவே, இருபது வயதில் கபடிக் களத்தில் விழுந்தவரும், ஐம்பது வயதில் பேருந்துப் படியில் சறுக்கியவரும், குறைபட்ட மூட்டோடே எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க நேர்வதைக் காண்கிறோம்.

இத்தகைய ஒருவர் தம் உடம்புக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்? வந்ததை வந்தபடி ஏற்று அமைவது பண்பா? எதிர்த்து முயல்வது பண்பா? நம்மவர்க்கு இரண்டும் உடன்பாடே. மாலையில் பஜனை மண்டபத்தில் ‘எல்லாம் அவன் செயல்’ என்போம். இரவில் பட்டிமன்றத்தில் முயற்சியின் பக்கம் நின்று கை தட்டுவோம். முழங்கால் வீங்கிய நாளில்தான் இவ்விரண்டில் எதை நாம் உண்மையாக நம்புகிறோம் என்பது தெரியவரும்.

வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இவ்வினாவைத் தொட்டுச் செல்கிறார். பொறி வாய்க்காமை ஒருவர்க்கும் பழியாகாது என்றும், அறியத்தக்கவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் அவர் கருதுகிறார். பொறி என்பதற்கு ஊழ் எனப் பொருள் கண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு எனக் கொண்ட பிற்கால உரைகளும் உண்டு. மூட்டுக் கெட்டவருக்கு இவ்விரண்டு உரைகளும் ஒன்றாகிவிடுகின்றன. அவருடைய ஊழ் அவருடைய முழங்காலிலேயே குடியிருக்கின்றது. ஆயினும், அக்குறளில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. முயற்சியைச் சொல்லும் முன் அறிவைச் சொல்கிறார் வள்ளுவர். காயத்தை அறியாத முயற்சியை அவர் போற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

அறிய வேண்டுவது என்ன? மூட்டு கெட்டாலும் அதனைத் தாங்கும் தசை கெடவேண்டுவதில்லை என்பதே முதற்செய்தி. மூட்டில் நீர் கோத்து வீங்கும்போது, தொடையின் முன்தசை முழுமையாக இயங்காதபடி நரம்பு மண்டலம் தடுத்துவிடுகின்றது. இயங்காத தசை மெலிகின்றது. மெலிந்த தசை நடையின் அதிர்ச்சியைத் தாங்காமையால் சுமையெல்லாம் மூட்டின்மேலேயே இறங்குகின்றது, வலி மிகுகின்றது, வலிக்கு அஞ்சி மேலும் ஓய்கிறோம். செக்கைச் சுற்றும் மாடும் மாலையில் அவிழ்த்து விடப்படும். இச்சுழலுக்கு அவிழ்ப்பார் இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது சிக்காகோ நகரின் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் முழங்கால் காயமுற்ற வீரர்கள் நிறைந்திருந்தனர். இலேசான எடையைப் பலமுறை தூக்கவைப்பதே அந்நாளைய வழக்கம். தாமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர் இவ்வழக்கத்தை மாற்றினார். காலில் இரும்புப் பாதணியைப் பூட்டி, அதில் எடைகளைக் கோத்து, பத்துமுறைக்கு மேல் தூக்க இயலாத அளவு எதுவோ அதனையே அவ்வீரருக்குரிய அளவாகக் கொண்டார். 1945இல் தம் முறையை வெளியிட்டார். பல சுற்றுகள் மிகையெனக் கண்டு, 1948 அளவில் அவற்றை மூன்றாகக் குறைத்தார்: அளவில் பாதி, பின்னர் முக்கால், பின்னர் முழுமை. இம்முறையில் என்னைக் கவர்வது அதன் நேர்மை. காயத்துக்கு முன் அவ்வீரர் எத்தனை மைல் ஓடினார் என்று அது கேட்கவில்லை. இன்று இந்தக் கால் எதனைப் பத்துமுறை தூக்கும்? கணக்கு அங்கே தொடங்குகின்றது. சென்ற காலத்துக் காலை மனத்தில் வைத்து எடை தூக்குபவர் மூட்டை மீண்டும் புண்ணாக்குகிறார். வருங்காலத்தை நினைத்து அஞ்சுபவர் ஒன்றையும் தூக்குவதில்லை.

வலியை வாசிக்கவும் பழக வேண்டும். தசையில் எழும் எரிச்சலும் மறுநாள் அசதியும் உழைப்பின் கூலி. மூட்டின் ஆழத்தில் குத்தும் வலியும், மறுநாள் காலையில் காணும் வீக்கமும் எச்சரிக்கை. மடக்கினால் நோகும் முழங்காலை மடக்காமலே, அதனடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தித் தசையை மட்டும் இறுக்கலாம். ஒரு கையைப் பயிற்றினால் பயிலாத மறு கையும் ஓரளவு வலுப்பெறுகின்றது என்பது 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் காணப்பட்டது; கட்டுப் போட்ட காலுக்காக மற்றைக் கால் உழைக்கலாம் என்பது எவ்வளவு ஆறுதலான செய்தி! இவற்றையெல்லாம் கற்றுத்தர ஆள் உண்டு. வலி இன்று எத்தகையது என்று சொல்ல மட்டும் உடையவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. சோம்பலுக்கு வலியென்று பெயரிட்டாலும், எச்சரிக்கையைச் சோம்பலென்று ஒதுக்கினாலும், கண்டுபிடிப்பவர் எவருமில்லை. இந்தத் தனிமைதான் இதனை மருத்துவத்திலிருந்து அறத்தின் எல்லைக்குள் கொண்டுவருகின்றது.

இவ்விடத்தில் வீரக் கதைகள் வந்துவிடும். பந்துவீச்சாளர் பி. எஸ். சந்திரசேகரைச் சொல்வார்கள். இளம்பிள்ளைவாதத்தால் மெலிந்த வலக்கையாலேயே பந்து வீசி 242 டெஸ்ட் விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 பேரை வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் வெற்றிக்கு வழிவகுத்தார். பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியே. ஆனால், அதே சந்திரசேகர் 1991இல் சாலை விபத்தில் காலில் கடுங்காயமுற்று, பின்னர் ஊன்றுகோலின் துணை வேண்டியவரானார் என்பதை மேடையில் எவரும் சேர்த்துச் சொல்வதில்லை. மன உறுதி அவரிடம் குறைந்துவிட்டதா? ‘முயன்றால் முடியாதது இல்லை’ என்போர் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். முடிந்தவரைக் காட்டி முடியாதவரை நாணச் செய்வது ஒருவகைக் கொடுமையே.

மூட்டையே மாற்றிவிடலாமே என்பாரும் உண்டு. தக்கவர்க்குத் தக்க காலத்தில் அது பெரும் பேறு. ஆயினும், உலோக மூட்டை வைத்த ஓரிரு நாளிலேயே மருத்துவர் தொடைத்தசைப் பயிற்சியைத் தொடங்கச் சொல்வார். செய்மூட்டுக்கும் தசைதான் துணை.

நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தோர் இல்லங்களில் இவ்வினா வேறொரு முகம் காட்டுகின்றது. ஊரிலிருந்து அழைத்துவந்த தாய்க்கு முழங்கால் பழுது. வீடு மின்தூக்கியில்லாத மூன்றாம் மாடி. ‘நீங்கள் உட்காருங்கள் அம்மா’ என்று மகன் சொல்கிறான். மருமகள் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்கிறாள். பேரன் செருப்பைக்கூட எடுத்துவந்து தருகிறான். அன்பில் குறையில்லை. ஓராண்டு கழிந்தால், கை ஊன்றாமல் அந்த நாற்காலியைவிட்டு அவரால் எழ முடிவதில்லை. பின்னர்ப் படி இறங்குவது நிற்கின்றது; கோயில் நிற்கின்றது; சங்கத்துக் கூட்டம் நிற்கின்றது. அண்டை வீட்டார் மொழி அவருக்குத் தெரியாது. மகனும் மருமகளும் அலுவலகத்திலும் பேரன் பள்ளியிலும் இருக்கும் பகற்பொழுதில் அவருடைய தமிழைக் கேட்க ஒருவருமில்லை. முழங்காலில் தொடங்கிய குறை நாவில் வந்து முடிகின்றது.

வயது போய்விட்டதே என்று தயங்க வேண்டுவதில்லை. பாஸ்டன் நகரில் முதியோர் மருத்துவ இல்லமொன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் எடைப் பயிற்சி அளித்தனர். 1990இல் வெளியான அம்முடிவின்படி, பயிற்சியை முடித்தோரின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. நம் வீட்டுக்கு இரும்புப் பாதணி தேவையில்லை; சுவரை ஒட்டிய உறுதியான நாற்காலி போதும். மருத்துவரைக் கேட்டபின், முதலில் கை ஊன்றியும் பின்னர் ஊன்றாமலும், எழுந்து எழுந்து அமரலாம். எத்தனை முறை என்பதை அந்த அம்மையாரே சொல்லட்டும். பத்து ஆறாகக் குறையும் நாளில் ‘ஏன் அம்மா?’ என்று மகன் வற்புறுத்த வேண்டா. அவர் கடைக்குப் புறப்பட்டுப் பையை எடுக்கும் நாளில் அதனை வாங்கிக்கொள்ளவும் வேண்டா. மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துவைக்கட்டும்.