முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் வண்டிக்காரர் கீழே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளு", "போதும் போதும், முன்பாரமாய்ப் போச்சு" என்று ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். முன்னால் பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும்.

இந்தப் பாடத்தை நான் மறுபடி கேட்டது அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். சொன்னவர் அறுபத்தாறு வயது வெள்ளைக்காரக் கிழவர். உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். அவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டு முற்றத்தில் கோழி முட்டையை நீளவாட்டில் பாதியாய் வெட்டிக் கவிழ்த்தாற்போல் ஒரு சின்ன டிரெய்லர் நின்றது. 'ஸ்காம்ப்' என்று பெயர். அதே மாநிலத்தில் பாக்கஸ் என்ற ஊரில் 1971 முதல் செய்து வருகிறார்களாம். கொக்கியிலிருந்து வால் வரை 13 அடி. அதற்குள்ளே இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, மேஜையை மடக்கினால் படுக்கை. தன் காருக்குப் பின்னால் இதைப் பூட்டிக்கொண்டு, மனைவியுடன் பதினோரு மாதம் தேசத்தைச் சுற்றி வருவதென்று அவர் சங்கற்பம் செய்திருந்தார்.

ஏற்பாடு என்றால் நம்முடைய ஏற்பாடு போல அல்ல. குளிக்கிற அறையில் எடை பார்க்கிற கருவியை எடுத்து வந்து முற்றத்தில் வைத்து, உள்ளே போகிற ஒவ்வொரு சாமானையும் நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் முன்கொக்கியின் மேல் உட்கார வேண்டுமாம். குறைந்தால் வண்டி சாலையில் நாய் வாலாட்டுவதுபோல் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். மிகுந்தால் காரின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரம் பிடிப்பு இழக்கும். "எங்கள் ஊர் வண்டிக்காரருக்கு இது தெரியும்" என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம். அன்றுமுதல் நான் அவருக்குச் சிநேகிதன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புவதா, போய்ச் சேருகிற இடத்தில் நிரப்பிக்கொள்வதா என்று அவர் மூன்று நாள் யோசித்தார். அந்த அம்மாள் தன் தாயார் வைத்திருந்த இரும்பு வாணலி ஒன்றை எடுத்துப்போக வேண்டும் என்றாள். அதன் எடைக்கு ஈடாக அவர் தம் தேசப்படப் புத்தகங்களில் இரண்டை இறக்கினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். கக்கூஸ் விவகாரத்துக்கு மட்டும் நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருந்தார்; அதை நான் விவரிக்கப் போவதில்லை.

வழியும் தயார். அக்டோபரில் பனி விழுமுன் கிளம்பி, மிஸ்ஸிஸிப்பி ஆற்றின் கரையோடு தெற்கே லூயிசியானா வரை, அங்கிருந்து டெக்ஸாஸ், ஜனவரியில் அரிஸோனாப் பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்ற ஊர். பிறகு கலிபோர்னியா, வசந்தத்தில் ஆரிகன் கடற்கரை, கோடையில் மலைச்சாலைப் பனி உருகித் திறந்ததும் மான்டானாவில் கிளேசியர் வனம், செப்டம்பருக்குள் வீடு. தேசிய வனங்களுக்குள் நுழைய, 62 வயதானவர்களுக்கு ஆயுட்காலச் சீட்டு ஒன்று உண்டு. 2017 வரை அதன் விலை 10 டாலர். அந்த ஆண்டு 80 டாலராக்கினார்கள். அவர் பழைய விலையில் வாங்கிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமை, நம்மூரில் தங்கம் மலிவாக இருந்தபோது வாங்கியவர் முகத்தில் தெரிகிற அதே பெருமை.

குவார்ட்ஸைட் விசித்திரமான ஊர். நிரந்தரமாய் வாழ்கிறவர்கள் சுமார் இரண்டாயிரத்து நானூறு பேர். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வண்டி வீடுகளில் வருகிற கிழவர் கிழவிகளால் சுற்றியுள்ள பாலைவனமே ஒரு நகரமாகிவிடும். அரசாங்க நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, கட்டணம் செலுத்திவிட்டுத் தங்கலாம். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் என் சிநேகிதர் போன்றவர்கள் அல்ல. 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வாடகை கொடுக்க வழியில்லாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்ட முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்ற பெண்மணி 2017-இல் 'நோமாட்லாண்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அது படமாகி 2021-இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஒரே மணலில், ஒரே மாதிரி மடக்கு நாற்காலியில், ஒருவர் சுதந்திரத்துக்காகவும் அடுத்தவர் கதியில்லாமலும் உட்கார்ந்திருப்பார்கள். மாலை வெயிலில் பார்த்தால் யார் எவர் என்று சொல்ல முடியாதாம்.

என் சிநேகிதருக்கு வீடு இருந்தது. அதை விற்றுவிடலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். அந்த அம்மாள் ஒப்பவில்லை. விற்றுவிட்டுச் சுற்றுகிறவர்களுக்கும் அங்கே விலாசம் ஒன்று வேண்டும். வாக்குரிமை, வண்டி உரிமம், வரி எல்லாம் விலாசத்தில் தொங்குகின்றன. அதற்காகத் தென் டகோட்டா மாநிலத்துக்குப் போய் ஓர் இரவு தங்கி, ரசீதைக் காட்டி அந்த மாநிலத்துக் குடியாகிறவர்கள் உண்டு. "ஓர் இரவு படுத்த ஊரை என் ஊர் என்று எப்படிச் சொல்வது?" என்றாளாம் அந்த அம்மாள். எனக்கு அவள்மேல் மதிப்பு உண்டானது அப்போதுதான்.

ஆனால் அவர் நோட்டில் நிறுத்து எழுத முடியாத சாமான் ஒன்று இருந்தது. அவர்களுக்கு ஒரு மகள். கணவனைப் பிரிந்தவள். கடையில் மாலை வேலை. வீடு திரும்ப இரவு எட்டரை மணி ஆகும். அவளுக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூட பஸ் நாலு மணிக்குக் குழந்தையை இவர்கள் வாசலில் இறக்கும். பாட்டி பால் கொடுத்து, பாடம் சொல்லி, இரவில் தூங்கிப்போன குழந்தையை மகளின் காரில் கிடத்துவாள். இவர்கள் பதினோரு மாதம் போய்விட்டால் நாலு மணிக்குக் குழந்தையை யார் இறக்கிக்கொள்வது?

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. என்ன மனிதர்கள்! பெற்ற மகள் தத்தளிக்கிறாள். இவர்களுக்கு ஆரிகன் கடற்கரை கேட்கிறதா? 'பிள்ளைகளின் ஆஸ்தியை நாங்கள் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்' என்று வண்டியின் பின்னால் வேடிக்கையாக ஒட்டிக்கொள்கிற தேசமாயிற்றே என்று நினைத்தேன். இரவு சாப்பிடும்போது தங்கையிடம் சொல்லவும் சொன்னேன். "நம் அம்மா இப்படிச் செய்திருப்பாளா?"

தங்கை பதில் சொல்லாமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். சற்றுப் பொறுத்து, "அம்மா இங்கே மூன்று தடவை வந்தாள், அண்ணா. தடவைக்கு ஆறு மாதம். இந்த ஊரில் அவள் பார்த்தது இந்தச் சமையலறை ஜன்னலும் கறிகாய்க் கடையும்தான்" என்றாள்.

அம்மா ஒரே ஒரு முறை ஒன்று கேட்டாளாம். மிஸ்ஸிஸிப்பி என்று பேரனின் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு, "அதற்குத் தலை இந்த ஊர்ப் பக்கந்தானாமே? காரில் போனால் பார்க்கலாமா?" என்று கேட்டாளாம். தலைக்காவேரிக்குப் போக வேண்டும் என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவள், அதுவும் நடக்கவில்லை. இட்டாஸ்கா ஏரி தங்கை வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். குழந்தைக்குச் சளி, மாப்பிள்ளைக்கு வேலை, பிறகு பனி, பிறகு டிக்கெட் தேதி. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மூன்றாவது தடவைக்கு அடுத்த தடவை வரவில்லை.

அம்மாவைப் பற்றி நான் கதைகளில் எழுதியிருக்கிறேன். தியாகம் என்ற சொல்லைத் தாராளமாகவே போட்டிருக்கிறேன். அவளுடைய முதுமையில் சௌகரியம் அடைந்தவர்கள் நாங்கள். அதற்குப் பெயர் வைத்தவர்களும் நாங்களே. எங்கள் வீட்டு வேலை நடப்பதற்குப் பிரயோஜனமாக இருந்ததை எல்லாம் அவள் கடமை என்று பாராட்டினோம். அவள் ஆசைப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மனு தர்மத்தில் வானப்பிரஸ்தத்துக்கு அடையாளம் சொல்லியிருக்கிறது. தோல் சுருங்கி, தலை நரைத்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததைக் கண்டதும் இல்லறத்தான் காட்டுக்குப் புறப்பட வேண்டும். பேரப்பிள்ளை என்பது புறப்படுவதற்கு அடிக்கிற மணி! அந்த மணியைக் கேட்டுத்தான் நாம் இப்போது தாயாரை விமானம் ஏற்றி வரவழைக்கிறோம். மனைவியை மகனிடம் விட்டுப் போகலாம், அல்லது கூட அழைத்துப் போகலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் காணோம்.

அதனால் கிழவருடைய கட்சியே சரி என்று நான் தாவிவிடவில்லை. தனியே கிளம்பிவிடுவது என்பது அவ்வளவு எளிதும் அல்ல. 1960-இல் தம் 58-ஆம் வயதில், டான் க்விக்ஸாட்டின் குதிரைப் பெயரைத் தம் வண்டிக்கு வைத்து, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார் ஜான் ஸ்டைன்பெக். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பயணம் புத்தகமாயிற்று. நோபல் பரிசும் அதே 1962-இல் கிடைத்தது. கிழவரின் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. எடை பார்த்து, கூட வரவும் அனுமதி பெற்றுவிட்டது. 2010-இல் ஒரு பத்திரிகையாளர் அதே வழியில் போய் விசாரித்து, ஸ்டைன்பெக் பல இரவுகள் ஹோட்டல்களில்தான் தூங்கினார், மனைவியும் பாதிக்குமேல் கூடவே இருந்தாள் என்று எழுதினார். கதைக்காரன் என்ற முறையில் நான் அவரை மன்னிக்கிறேன். ஆனால் அவருக்கும் முழுக்க விட்டுப் போக முடியவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள் ஆப்பிள் பணியாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். தங்கையோடு ஒரு மணி நேரம் பேசினாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையைக் கட்டிக்கொண்டாள். என் தங்கைக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை. எப்படியும் தன் பிள்ளைகள் நாலு மணிக்கு வருகிறார்கள். கூட ஒரு குழந்தை வந்தால் என்ன?

"கேட்டாளா உன்னை?" என்றேன்.

"கேட்டாள், அண்ணா. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். முடியாவிட்டால் சொல்லிவிடு என்றுகூடச் சொன்னாள். பணியாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு முடியாது என்று எப்படிச் சொல்வது?" தங்கை சிரித்தாள். பிறகு, "நானும் அம்மாவைக் கேட்டுத்தானே கூப்பிட்டேன். 'முடிந்தால் வாயேன் அம்மா' என்றேன்" என்றாள்.

எனக்கு வண்டிக்காரர் நினைவு வந்தது. மூட்டை வண்டியை விட்டு எங்கும் போவதில்லை. முன்னாலிருந்து பின்னால் தள்ளலாம், அவ்வளவுதான். இழுக்கிற மாட்டிடம் அவர் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அது தலையை அசைத்தால் அவருக்குத் தெரியும், மறுபடி மூட்டையை நகர்த்துவார். மனிதர்களிடத்தில் இது கஷ்டமாக இருக்கிறது. கேட்டாயிற்று என்ற திருப்தி கேட்டவருக்கு. அடுத்தவர் முடியாது என்று சொல்வதற்கு அதில் இடம் வைத்தோமா என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் கெட்டவள் அல்ல. நாற்பது ஆண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இரவும் பகலும் நின்றவள். முழங்கால் தேய்வதற்குமுன் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். அதில் என்ன பிழை? மகள்தான் பெற்றோரைத் தடுத்தாளா என்றால், அவளும் தடுக்கவில்லை. தடுக்கக்கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் நாலு மணி பஸ் வந்து நிற்கத்தான் செய்கிறது.

அக்டோபர் இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். வீட்டுச் சாவி தங்கை வீட்டு ஆணியில் தொங்கிற்று. குழந்தைக்குத் தாத்தா சுவரில் தேசப்படம் ஒன்றை ஒட்டி, குண்டூசிகளும் கொடுத்திருந்தார். ஒரு வாரத்துக்குள் அவளுக்குத் தோசை பிடித்துவிட்டது. மிளகாய்ப் பொடிதான் பிடிக்கவில்லை. மிஸ்ஸௌரி மாநிலத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து தபால் அட்டை வந்தது. இங்கே ஆறு ரொம்ப அகலம் என்று பாட்டி எழுதியிருந்தாள். குழந்தை குண்டூசி குத்தினாள்.

நான் ஊர் திரும்புவதற்குமுன் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எல்லாரையும் இட்டாஸ்காவுக்கு அழைத்துப் போனார். அந்தக் குழந்தையும் வந்தாள். 3,770 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு அங்கே ஏரியின் விளிம்பில் வரிசையாய்க் கிடக்கும் பாறைகளின் மேலாக வழிந்து ஓர் ஓடையாய்க் கிளம்புகிறது. முழங்கால் ஆழந்தான். தாண்டிப் போகலாம். குழந்தைகள் பாறைமேல் கால் வைத்து அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். தங்கை காரைவிட்டு இறங்கவில்லை. "நீ பார்த்துவிட்டு வா, அண்ணா. எனக்குக் குளிர்கிறது" என்றாள்.

இங்கே விழுகிற துளி மெக்ஸிகோ வளைகுடாவைச் சேர ஏறக்குறைய 90 நாள் ஆகும் என்று மாப்பிள்ளை குழந்தைகளுக்குச் சொன்னார். பக்கத்து வீட்டுக் குழந்தை கையுறையைக் கழற்றிவிட்டு விரல்விட்டு எண்ணினாள். "கிறிஸ்துமஸ் தாண்டி விடுமா?" என்று கேட்டாள். தாண்டி விடும், ஜனவரி ஆகும் என்றார் மாப்பிள்ளை. அவள் சற்று நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போது பாட்டி ஆற்றுப் பக்கம் இருக்க மாட்டாளே. அரிஸோனாவுக்குப் போயிருப்பாளே" என்றாள்.