கிணற்றடியில் நிற்பவரும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவரும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என நம் பாலாற்றுக் கரையில் தோல் தொழிலால் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்ட நம் முன்னோர் காலத்திற்குப் பிறகு, வேலையை விரைவில் முடிக்கும் குரோம் முறை புதிய தொழில்நுட்பமாக வந்தது. வருமானம் பெருகியது, கிணறுகள் கெட்டன.

ஆபத்து என்றால் நிபுணர் என்ன கேட்கிறார்? "எந்த வகை குரோமியம், எவ்வளவு?" தண்ணீர் இறைக்கும் தாய் என்ன கேட்கிறாள்? "என் பிள்ளை இதைக் குடிக்கலாமா? லாபம் ஒருவருக்கு, நஷ்டம் எங்களுக்கா?" இரண்டுமே நியாயமான கேள்விகள். அறியாததை அறிந்தோரிடம் கேட்கச் சொல்கிறது குர்ஆன் (16:43). வந்த செய்தியை விசாரித்து உறுதி செய்யவும் சொல்கிறது (49:6). எனவே வாட்ஸ்அப் வதந்தியை நம்பி நிபுணரை ஒதுக்கக் கூடாது. "பாமரருக்கு என்ன தெரியும்" என்று மக்களையும் ஒதுக்கக் கூடாது.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.08.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதிக்கப்பட்டதாக வேளாண் ஆய்வாளர்கள் கண்டறிந்ததை அது எடுத்துக்காட்டியது. அறிவியல் முழுமையாக உறுதி செய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது; தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது என்றது. மக்களின் அச்சமும் ஆய்வாளரின் கணக்கும் அங்கே ஒன்று சேர்ந்தன.

தீர்வுக்காகக் கட்டியதும் கவனம் தப்பினால் ஆபத்தே. 31.01.2015 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிய 10 தொழிலாளர்கள் இறந்தனர்.

புகாரியில் பதிவான கப்பல் உவமை நமக்குத் தெரியும். கீழ்த்தளத்தார் கெட்ட எண்ணத்தில் ஓட்டை போட நினைக்கவில்லை. மேல்தளத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்றே நினைத்தார்கள். இடம் அவர்களுடையது, கப்பல் எல்லாருடையது. நல்ல எண்ணம் மட்டும் கப்பலைக் காப்பாற்றாது. தடுக்கும் கையும் வேண்டும்.

முதலாளிமார்களே! புதிய இரசாயனமோ இயந்திரமோ வந்தால், அதன் ஆபத்தைத் தொழிலாளிக்கு அவர் மொழியில் சொல்லுங்கள், அது அமானிதம். தொழிலாளத் தோழர்களே! சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். படித்த இளைஞர்களே! நிபுணர் சொல்வதை மஹல்லாவுக்கும், மஹல்லாவின் கவலையை நிபுணருக்கும் கொண்டு சேருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. எங்கள் சம்பாத்தியம் அண்டை வீட்டாரின் தண்ணீரைக் கெடுக்காமல் காப்பாயாக. ஆமீன்.